நம்பத்தக்க கருவியும் நம்பத்தக்க கையும்

கருவியின்றி மனித வாழ்வு இல்லை. கல்லைத் தீட்டிக் கூராக்கிய நாள் முதலாக மனிதனின் வரலாறு கருவிகளின் வரலாறாகவும் வளர்ந்து வந்துள்ளது. உழவனுக்குக் கலப்பை, தச்சனுக்கு உளி, மருத்துவனுக்குக் கத்தி, புலவனுக்கு எழுதுகோல் என ஒவ்வொரு தொழிலும் தனக்குரிய கருவியைத் தேடிக்கொண்டது. கருவியொன்றை வாங்கப் புகுவோன் எவனாயினும் அவன் முதலில் எழுப்பும் கேள்வி ஒன்றுதான்: ‘இதனை நம்பலாமா?’

கலப்பையைப் பற்றி இவ்வாறு கேட்பவனுக்கு எளிதில் விடை கிடைத்துவிடும். கொழு உறுதியானதா, மரம் விளைந்ததா என்று பார்த்தால் போதும். ஆனால் உயிரைப் பறிப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு கருவியைக் கையிலெடுத்து அதே கேள்வியைக் கேட்கும்போது, அக்கேள்விக்கு இரண்டு முனைகள் முளைத்துவிடுகின்றன. ஒரு முனை கருவியை நோக்குகிறது. மற்றது கேட்பவனையே நோக்குகிறது. போர் முடிந்தபின் படைக்கலக் கொட்டில்களிலிருந்து கழிக்கப்பட்டு, பொதுமக்களுக்கு விலையாகும் பழைய துப்பாக்கிகள் இந்த உண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றன. அவற்றை முதன்முறையாக வாங்க விழைவோன் ஒருவன் எதனை ஆராய வேண்டும், எதனோடு நின்றுவிடலாகாது என்பது வெறும் வணிகச் செய்தி அன்று, அறத்தின்பாற்பட்ட கேள்வியாகும்.

போருக்குப் பின் எஞ்சியவை

இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் போர்களும் கணக்கில் அடங்காத துப்பாக்கிகளை ஈன்றன. இரஷ்யப் பேரரசு 1891ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட மோசின்-நகாந்த் துப்பாக்கி, அப்பேரரசு மறைந்து சோவியத் ஆட்சி வந்த பின்னும் தொடர்ந்து செய்யப்பட்டது; அதன் மொத்த எண்ணிக்கை 3 கோடிக்கு மேல் என மதிப்பிடுவர். செருமனி 1935இல் ஏற்ற மவுசர் 98கே 1 கோடியே 40 இலட்சத்திற்கு மேற்பட்டது. அமெரிக்கப் படை 1936இல் ஏற்ற எம்1 கேரண்ட் 50 இலட்சத்தைத் தாண்டியது. பிரிட்டிஷ் பேரரசின் நிலமெங்கும் படைவீரன் தோளில் தொங்கியது லீ-என்ஃபீல்டு.

போர் முடிந்தது, படைகள் புதிய வகைத் துப்பாக்கிகளுக்கு மாறின. பழையவற்றைச் சில நாடுகள் உருக்கின. சில நாடுகள் பிற நாடுகளுக்கு வழங்கின. வேறு சில, துப்புரவு செய்து, காஸ்மோலின் போன்ற கெட்டியான கிரீஸில் தோய்த்து, மரப்பெட்டிகளில் அடுக்கி, அடுத்த போருக்கென்று காத்துவைத்தன. அந்த அடுத்த போர் அவற்றைத் தேடி வரவில்லை, வணிகன் வந்தான். குறிப்பாக 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பின், கிழக்கு ஐரோப்பியக் கிடங்குகளிலிருந்து இவை பெருந்திரளாக அமெரிக்க ஐக்கிய நாட்டை அடைந்தன. அந்நாட்டில் ஒரு காலத்தில் 100 டாலருக்கும் குறைவாக ஒரு மோசின்-நகாந்த் கிடைத்தது. கிடங்குகள் வறண்டதாலும் இறக்குமதித் தடைகளாலும் இன்று அதன் விலை பல மடங்காகிவிட்டது.

தமிழ் பயின்றோருக்கு இந்தக் காட்சி ஒரு புறநானூற்றுப் பாடலை நினைவூட்டக்கூடும். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற அவ்வையார், அவனது படைக்கலக் கொட்டிலைக் கண்டார். அங்கே வேல்கள் நெய் பூசப்பெற்று, பீலி அணிந்து, காவலுக்குள் பொலிவுடன் இருந்தன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லனின் சிறுகுடிலில் கிடந்தன. புகழ்வதுபோல் பழித்த அப்புலமை, கருவியின் பளபளப்பு வேறு, அது கண்ட களம் வேறு என்பதை உணர்த்திற்று. கிரீஸில் தோய்ந்து கிடக்கும் பழைய துப்பாக்கியிடம் இவ்விரண்டும் கலந்துவிடுகின்றன. அதன் மேனி பளபளக்கிறது. ஆனால் அது களம் கண்டதா, எக்களம் கண்டது என்பதை மேனி சொல்வதில்லை. ஆகவேதான் தேர்தல் தேவைப்படுகிறது.

கருவியைத் தேர்தல்

ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்காவின் சிற்றூர் ஒன்றில் வாழ்பவன் அவன். அவனுடைய கொள்ளுப்பாட்டனார் இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தூக்கியவர். அவர் காலத்துக் கருவி ஒன்று தன்னிடம் இருக்கவேண்டும், குறிபார்க்கும் கலையை அதனைக் கொண்டே பழகவேண்டும் என்பது அவன் விருப்பம். கையில் பணம் குறைவு. அறிவும் அனுபவமும் அதனினும் குறைவு. கடைக்குள் நுழைந்ததும் அவன் கண் மரக்கட்டையின் மெருகில் நிலைக்கிறது. கடைக்காரர் முதியவர், நேர்மையானவர். ‘கண்ணை மரத்தில் வைக்காதே, குழலுக்குள் வை’ என்கிறார். அறிவுடையோன் சொல்லும் முதற்பாடம் அதுவே.

குழலின் உட்புறத்தில் சுருளாக ஓடும் புரிகளே குண்டைச் சுழலச் செய்து நேராகச் செலுத்துவன. வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் அப்புரிகள் கூர்மையாகத் தெரியவேண்டும். துருவால் அரிக்கப்பட்ட குழிகள் இருத்தலாகாது. இரண்டாம் உலகப் போர்க் காலத் தோட்டாக்களில் பலவற்றின் கொளுத்தியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது குழலுக்குள் ஒருவகை உப்பாகப் படிந்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துருவை வளர்த்துவிடும். எண்ணெயால் அவ்வுப்பைக் கரைக்க இயலாது, வெந்நீரே கரைக்கும். அன்றன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவிய வீரனின் துப்பாக்கி, எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒளி குன்றாத குழலோடு இருக்கிறது. சோம்பியவனின் துப்பாக்கி உள்ளே உளுத்துக் கிடக்கிறது. யாரோ ஒருவன், எங்கோ ஒரு மாலைப்பொழுதில், களைப்பையும் பொருட்படுத்தாது செய்த கடமையின் பயனை அவன் முகமறியாத ஒருவன் பெறுகிறான்!

அடுத்து, குழலின் வாய். குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் விளிம்பு அது. அங்கே தேய்வு இருந்தால் குறி தவறும். தூய்மை செய்யும் கம்பியை முரட்டுத்தனமாகச் செலுத்தியே பல குழல்கள் வாய் தேய்ந்துள்ளன. சோவியத் பழுதுபார்ப்புச் சாலைகள் அத்தகைய குழல்களின் நுனியைச் சிறிது உட்குடைந்து, தேயாத பகுதியே விளிம்பாக அமையுமாறு திருத்தின. இது குறையை மறைத்தல் அன்று, திருத்தம். ஆனால் வாங்குவோன் இதனை அறிந்து வாங்க வேண்டும்.

எல்லாவற்றினும் இன்றியமையாதது, தோட்டாவின் அடிக்கும் அதனைத் தாங்கி அடைக்கும் போல்ட்டின் முகப்புக்கும் உள்ள இடைவெளி. இவ்விடைவெளி அளவுக்கு மேற்பட்டால், வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு பிளந்து, சூடான வாயு சுடுபவனின் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். ஒரு துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றி மற்றொன்றில் பொருத்தும்போது இக்கேடு நேரலாம். அதனாலேயே போல்ட்டிலும் உடற்பகுதியிலும் பொறித்த எண்கள் ஒத்துள்ளனவா என்று பார்க்கின்றனர். அதுவும் முழு உறுதி அன்று. பழுதுபார்ப்புச் சாலைகளில் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துப் புதிய எண்ணைப் பொறித்து ‘ஒத்தவை’ ஆக்கிய துப்பாக்கிகள் ஏராளம். எண் ஒத்திருப்பது சாட்சி. அளவுகோல் கொண்டு அளப்பதே தீர்ப்பு. அதற்குரிய அளவுகோல்களை உடைய கம்மியர் ஒருவரிடம் காட்டாமல் முதன்முறை வாங்குவோன் சுடத் துணிதல் அறியாமையாகும்.

காக்கும் பொருளே கேடாவதும் உண்டு. எஸ்.கே.எஸ். எனப்படும் சோவியத் வகைத் துப்பாக்கியில், துருவிலிருந்து காக்கப் பூசிய கிரீஸ் போல்ட்டுக்குள் கெட்டியாகி ஊசியைப் பற்றிக்கொண்டால், விசையைத் தொடாமலேயே தோட்டா வெடிக்கக்கூடும். வாங்கியவன் முதலில் செய்யவேண்டியது சுடுதல் அன்று, கழற்றித் துடைத்தல். தோட்டா கிடைக்குமா என்பதையும் எண்ணவேண்டும். இரஷ்ய வகைக்குரியது இன்றும் பல நாடுகளில் உற்பத்தியாகிறது. சப்பானிய வகைகளுக்குரியது அரிது. மலிவாகக் கிடைத்த துப்பாக்கி, தோட்டா விலையால் அருமையாகிவிடுவதுண்டு.

கண்ணுக்குத் தெரியாத குறை

இத்தனையும் ஆராய்ந்த பின்னும் கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்று இருக்கலாம். அமெரிக்காவின் 1903ஆம் ஆண்டு வகை ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியின் கதை அதற்குச் சான்று. தொடக்க ஆண்டுகளில் அதன் எஃகு உடற்பகுதியைச் சூடேற்றிப் பதப்படுத்திய தொழிலாளர், போதிய சூடு ஏறிவிட்டதா என்பதை எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தனர். அவர்கள் தேர்ந்த கைவினைஞர், ஏமாற்றுவோர் அல்லர். ஆயினும் மேகமூட்டமான நாளில் கண்ணுக்குச் செக்கச் சிவந்து தெரியும் எஃகு, வெயில் நாளில் அதே சூட்டில் மங்கித் தெரியும். எனவே வெயில் நாள்களில் எஃகு வேண்டியதற்கு மேல் காய்ந்து, கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையை அடைந்தது. 1917இல் சில துப்பாக்கிகள் வெடித்துச் சிதறியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அதன்பின் வெப்பமானிகள் வைக்கப்பட்டன. ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையில் செய்தவற்றுள் 8 இலட்சத்திற்குக் குறைந்த எண்ணுடையவற்றைச் சுடாதிருத்தலே நன்று என்று அறிந்தோர் இன்றும் எச்சரிக்கின்றனர்.

இச்செய்தியில் அடங்கிய அறம் ஆழமானது. நல்லெண்ணம் மட்டும் நம்பகத்தைத் தந்துவிடாது. தேர்ந்த கண்ணும் சூழலால் மயங்கும். ஆகவே அளத்தற்குரியதை அளந்தே அறிதல் வேண்டும். தேராமல் நம்புதலும் தேர்ந்தபின் ஐயுறுதலும் துன்பம் தரும் என்னும் கருத்தைத் திருக்குறள் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தில் ஆட்களைப் பற்றி ஆராய்கிறது. இரும்புக்கும் அது பொருந்துகிறது.

இங்கே விற்போனின் கடமையும் எழுகிறது. வாங்குவோன் அறியாதவன் என்பது விற்போனுக்குத் தெரியும். கேட்டால் சொல்வேன், கேளாவிட்டால் வாய்திறவேன் என்பது பொய் அன்று; ஆயினும் வாய்மையும் அன்று. பழைய எம்1 துப்பாக்கிகளை விற்றுவரும் அமெரிக்கக் குடிமக்கள் குறிபார்ப்புத் திட்டம் என்னும் இலாபநோக்கற்ற அமைப்பு, ஒவ்வொன்றையும் தேய்வின் அளவுக்கேற்பத் தரம் பிரித்து அறிவித்தே விற்கிறது. அத்துடன் வாங்குவோன் குடிமகன்தானா, ஏற்பளிக்கப்பட்ட சங்கத்தைச் சேர்ந்தவனா, குறிபார்க்கும் பயிற்சி உடையவனா என்றும் கேட்கிறது. கருவியின் தரத்தை விற்போன் சொல்கிறான். தன் தரத்தை வாங்குவோன் காட்டுகிறான். சோதனை இருபுறமும் நிகழ்கிறது.

பழுதற்ற துப்பாக்கி செய்த கேடு

அந்த இரண்டாம் சோதனை ஏன் தேவை? இதற்கு வரலாறு கூறும் விடை கசப்பானது. 1963 மார்ச் மாதம், சிகாகோ நகரத்து விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றுக்கு அஞ்சலில் ஒரு வேண்டுகை வந்தது. கேட்கப்பட்டது இத்தாலியப் படை கழித்த கார்கானோ துப்பாக்கி. தொலைநோக்கியுடன் சேர்த்து விலை 19 டாலர் 95 சென்ட். புனைபெயரில் அதனை வரவழைத்தவன் லீ ஹார்வி ஆஸ்வால்டு. அதே ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் டல்லாஸ் நகரில் அதிபர் கென்னடி அத்துப்பாக்கியாலேயே கொல்லப்பட்டார்.

மலிவான பழம்பொருள் அது. எனினும் அது சுட்டது, குண்டு பாய்ந்தது. வாங்குவோன் நம்பகம் என்று எதனைத் தேடுவானோ அது அக்கருவியிடம் இருந்தது. இல்லாதிருந்தது அதனைப் பிடித்த கையில்தான். கருவியின் நம்பகம் மட்டுமே அறமாகிவிடுமானால், அன்று டல்லாசில் குறையேதும் நிகழவில்லை என்றன்றோ கூறவேண்டியிருக்கும்!

இக்கொலையும், 1968இல் மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி ஆகியோரின் கொலைகளும் அந்நாட்டை உலுக்கின. அவ்வாண்டு அக்டோபரில் நிறைவேறிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், மாநிலம் கடந்து அஞ்சல்வழி துப்பாக்கி விற்பதைத் தடுத்தது; படை கழித்த துப்பாக்கிகளின் இறக்குமதியையும் தடுத்தது. 1980களில் பழம்பொருள் மதிப்புடையவற்றிற்கு அத்தடை தளர்த்தப்பட்டது. 1998 முதல் உரிமம் பெற்ற வணிகர், வாங்குவோனின் பின்புலத்தை நடுவண் பதிவேட்டில் உடனுக்குடன் சோதித்தே விற்கின்றனர். ஆயினும் தனியார் இருவருக்கிடையே நடக்கும் விற்பனையில் பல மாநிலங்களில் இச்சோதனை கட்டாயமன்று. சட்டத்தின் கை நீளாத அவ்விடத்தில் விற்போனின் மனச்சான்றே காவலாக நிற்கவேண்டியுள்ளது.

கருவி குற்றமற்றதா?

இவ்விடத்தில் இரு சாரார் எதிரெதிர் நிற்கின்றனர். கருவி உயிரற்றது, அதற்கு நன்மையுமில்லை தீமையுமில்லை, கத்தி கனியையும் அறுக்கும் கழுத்தையும் அறுக்கும், பழி கைக்கே என்பர் ஒரு சாரார். கொல்வதற்கென்றே பிறந்த பொருளை வீட்டில் வைத்துக் குற்றமற்றது என்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. அவற்றை உருக்குவதே முறை என்பர் மறுசாரார். ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக்கொன்றபின், அந்நாட்டரசு 6 இலட்சத்திற்கு மேற்பட்ட துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி அழித்தது. மலேசியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டுச் சட்டமும் துப்பாக்கிக் குற்றங்களுக்கு மிகக் கடுமையான தண்டனைகளை விதித்தன. மறுசாராரின் கவலைக்குச் சட்டவடிவம் தந்த நாடுகள் இவை.

முதற்சாராரின் உவமையை ஆராய வேண்டும். கத்தியால் கழுத்தை அறுப்பது கத்தியின் தவறான பயன். போர்த்துப்பாக்கியால் மனிதனைச் சுடுவதோ அது செய்யப்பட்ட நோக்கத்தின் நிறைவேற்றம். ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. போர்த்துப்பாக்கி வெறுங்கருவி என்னும் வாதம் பாதி உண்மையே.

மறுசாராரின் வாதமும் முழுமையன்று. சுவிட்சர்லாந்துப் படை 1931இல் ஏற்ற கே31 துப்பாக்கி 5 இலட்சத்திற்கு மேல் செய்யப்பட்டது. அதுவும் போருக்கென்றே பிறந்தது. ஆயினும் அதனை வைத்திருந்த நாடு இரண்டாம் உலகப் போரில் களம் புகவில்லை. வீரர்கள் அதனைத் தம் இல்லங்களில் பேணினர், பயிற்சியில் சுட்டனர். அத்துப்பாக்கியின் அடிக்கட்டைத் தகட்டைக் கழற்றினால், சிலவற்றில் சிறு தாள்துண்டு ஒன்று தென்படும். அதில் அதனைப் பேணிய வீரனின் பெயரும் படைப்பிரிவும் எழுதப்பட்டிருக்கும். பிறந்த நோக்கம் மட்டுமே பொருளின் தலைவிதி ஆகிவிடுவதில்லை என்பதற்கு அத்தாள்துண்டு சான்று.

அப்படியாயின் உண்மை எங்கே இருக்கிறது? கருவியிடம் குற்றமும் இல்லை; ஆனால் அது நடுநிலைப் பொருளும் அன்று. அதனிடம் இருப்பது ஆற்றல். ஆற்றல் எங்கே இருக்கிறதோ அங்கே பொறுப்பும் உடனிருத்தல் வேண்டும். ஸ்டாலின்கிராடில் ஒரு மோசின்-நகாந்த் எவரைக் கொன்றது என்பதற்கு இன்று அதனை வாங்குவோன் விடைகூற வேண்டியதில்லை. கடந்த காலத்தின் பழி விலைச்சீட்டோடு கைமாறுவதில்லை. ஆனால் நாளை அது எவரையும் கொல்லாதிருக்க வேண்டிய பொறுப்பு, விலைச்சீட்டு எழுதப்பட்ட அந்நொடியே அவன் தோளில் ஏறுகிறது. பழி கைமாறாது; பொறுப்பு கைமாறும். இதுவே இவ்வழக்கின் நடுவில் நிற்கும் அறம் எனலாம்.

கையைத் தேர்தல்

இவ்வறத்தை ஏற்றால், குழலுக்குள் நோக்கிய அதே கண்ணால் வாங்குவோன் தனக்குள்ளும் நோக்க வேண்டியவனாகிறான். ஏன் வாங்குகிறேன் என்பது முதற்கேள்வி. குறிபார்க்கும் கலையைப் பழகவா, வரலாற்றைப் பேணவா, அன்றி அச்சத்தாலா, சினத்தாலா? சினத்தில் வாங்கிய கருவி, சினம் தணிந்தபின்னும் வீட்டிலேயே இருக்கும். அடுத்த சினத்திற்காகக் காத்திருக்கும்.

இரண்டாம் கேள்வி, இல்லத்தில் இருப்போர் யார் என்பது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேற்பட்டவை கொலைகள் அல்ல, தற்கொலைகள். இவ்வுண்மை பலருக்கு வியப்பளிக்கும். அயலானிடமிருந்து காத்துக்கொள்ள வாங்கிய கருவி, தன் வீட்டாரின் ஒருநொடி மனத்தளர்ச்சிக்கு வழிகாட்டியாகிவிடுகிறது. ஒருநொடி கடந்திருந்தால் வாழ்ந்திருக்கக்கூடிய உயிர்கள் எத்தனை! பூட்டிய பெட்டியில் துப்பாக்கி, வேறொரு பூட்டில் தோட்டா, திறவுகோல் தன்னிடம் என்னும் ஒழுங்கு அந்த ஒருநொடியை நீட்டித் தருகிறது. மோசின்-நகாந்தின் காப்பமைப்பை இயக்குதல் கடினம். பின்குமிழை வலிந்திழுத்துத் திருப்ப வேண்டும். அதனால் பலர் அதனைப் பயன்படுத்துவதே இல்லை. இரும்பில் உள்ள காப்பை நம்புவதினும் பழக்கத்தில் உள்ள காப்பை நம்புதல் மேல். தோட்டா இல்லை என்று தெரிந்தபோதும் உள்ளதாகவே கருதுதல், சுடக்கூடாத எதனை நோக்கியும் குழலைத் திருப்பாதிருத்தல், குறி தெளியும்வரை விரலை விசையில் வைக்காதிருத்தல் ஆகியவை விதிகள் மட்டும் அல்ல. நாள்தோறும் பயிலும் ஒழுக்கங்கள்.

மூன்றாம் கேள்வி, பேணும் பொறுமை உண்டா என்பது. துப்பாக்கி வாங்குதல் ஒருநாட் செயல். உடைமையாக வைத்திருத்தலோ வாழ்நாட் செயல். சுட்ட மாலையே கழுவாதவன், பூட்ட மறப்பவனாகவும் இருப்பான். சிறு கடமையில் தவறும் கை பெருங்கடமையில் நிமிரும் என்று எதிர்பார்த்தல் எங்ஙனம்?

நினைவின் காவலன்

இனி, பொறுப்பின் வேறொரு முகமும் உண்டு. பழைய துப்பாக்கி ஒருவகை ஆவணம். சப்பானியரின் அரிசாக்கா துப்பாக்கிகளில் பேரரசரின் சின்னமாக 16 இதழ்ச் செவ்வந்தி பொறிக்கப்பட்டிருந்தது. 1945இல் சரணடைந்தபோது ஒப்படைக்கப்பட்டவற்றில் அச்சின்னம் அராவி நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட அந்தத் தழும்பே இன்று ஒரு பேரரசின் வீழ்ச்சியைச் சொல்கிறது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்ததையும், மூன்றரை ஆண்டு ஆட்சியின் கொடுமையையும், மூத்தோர் வாய்மொழியாகக் கேட்ட மலாயாத் தமிழர் குடும்பங்களுக்கு அத்தழும்பின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. அவ்வாறே 1944இல் உருவாகத் தொடங்கிய, ‘காட்டுத் துப்பாக்கி’ என்று பெயர் பெற்ற குட்டையான லீ-என்ஃபீல்டு, 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் இரப்பர்த் தோட்டங்களை ஒட்டிய காடுகளில் சுமக்கப்பட்டது. அதன் குறி நிலைநில்லாது என்று வீரர் குறைகூறினர். இன்று அமெரிக்கக் கடையொன்றில் அதனைத் தூக்கிப் பார்ப்பவன், தன்னை அறியாமலேயே ஒரு தொலைநாட்டு மக்களின் அச்சம் நிறைந்த இரவுகளையும் தூக்கிப் பார்க்கிறான்.

ஆகவே மரக்கட்டையைத் தேய்த்து மெருகேற்றி, முத்திரைகளை அழித்து, குழலை வெட்டி அழகுபடுத்துதல் விரும்பத்தக்கதன்று. அது சந்தை மதிப்பைக் குறைக்கும் என்பர் வணிகர். மதிப்பு மட்டுமா குறைகிறது? சாட்சியம் குறைகிறது. மனிதர் மனிதரை எவ்வளவு தேர்ந்த கைத்திறனுடன் கொல்லக் கற்றனர் என்பதற்கு அப்பொருள் சாட்சி. அச்சாட்சியைப் பெருமைக்காக அன்றி, எச்சரிக்கைக்காகப் பேணுபவனே உண்மையான உடைமையாளன்.

வாங்காமற் போனவன்

மீண்டும் அவ்விளைஞனிடம் வரலாம். அவன் குழலை நோக்கினான், எண்களை ஒப்பிட்டான், கம்மியரிடம் அளந்தும் பார்த்தான். துப்பாக்கியில் குறையில்லை. விலையும் கைக்கு எட்டியது. பின் தன் இல்லத்தை எண்ணினான். அங்கே அவன் தம்பி, வேலையிழந்து, பல மாதங்களாக எவருடனும் பேசாமல் அறைக்குள் முடங்கியிருக்கிறான். ‘இன்று வேண்டாம் ஐயா, வீட்டில் சூழல் சரியில்லை, பிறகு பார்க்கலாம்’ என்று கூறித் துப்பாக்கியை மேசைமீது வைக்கிறான். முதியவர் முகம் சுளிக்கவில்லை. ஒரு விற்பனை போயிற்று என்று வருந்தவுமில்லை. ‘இத்தனை ஆண்டு காத்திருந்த துப்பாக்கி, இன்னும் சிறிது காலம் காத்திருக்கும். நீ தம்பியைப் பார்’ என்கிறார்.

அன்று அக்கடையில் விற்பனை நிகழவில்லை. ஆனால் தேர்வு நிகழ்ந்தது. நம்பத்தக்க துப்பாக்கியைத் தேடி வந்தவன், நம்பத்தக்கவனாகத் திரும்பினான். வாங்குதல் மட்டுமே தேர்வு அன்று. வாங்காமையும் தேர்வுதான் என்பதை அவன் உணர்ந்தான்.

மாணவர் துப்பாக்கி வாங்கப் போவதில்லை. ஆசிரியரும் அதனைக் கற்பிக்கப் போவதில்லை. எனினும் ஆற்றல் மிக்க கருவிகள் நாளும் அவர்கள் கைக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. விரையும் ஊர்தியும், பலரை ஒருநொடியில் எட்டும் சொல்லும் அத்தகையனவே. ஒவ்வொன்றையும் பற்றி, ‘இது நன்றாக இயங்குமா?’ என்று கேட்கப் பழகிய உலகு இது. ‘இதனை இயக்க நான் தகுதியுடையவனா?’ என்னும் கேள்வியை அதனோடு சேர்த்துக் கேட்கக் கற்பிப்பதே கல்வியின் கடமை. கருவியை வாங்கும் நாளில் ஒருமுறை சோதித்தால் போதும். கையை நாள்தோறும் சோதிக்க வேண்டும்.